மச்சான் கொடுத்த ரத்தம்

சிரில் பிரியாணி போடாமல் விவேக் நகரில் ஒரு ஞானஸ்நான விருந்து நடந்தால், குழந்தைக்கு வைத்த பெயர் ஒட்டாது என்று சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் சிரில்தான்.

ஐம்பத்திரண்டு வயது. குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் வீடு. முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் தேக்ஸாக்களைக் கவிழ்த்து அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற பிரியாணிப் பாத்திரம். புதுநன்மையானாலும் கல்யாணமானாலும் முப்பதாம் நாள் பூசையானாலும், விறகு பற்றுகிற இடத்தில் சிரிலின் தொப்பையை முதலில் பார்க்கலாம். சிரில் அதற்குப் பின்னாலேயே வருவார்.

அந்தத் தொப்பைக்கு ஒரு தொழில் காரணம் உண்டு. மற்ற சமையல்காரர்கள் ருசி பார்ப்பதென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டுக் குழம்பு விட்டு நக்குவார்கள். சிரில் தட்டு எடுப்பார். "பருக்கை பொய் சொல்லும் கோவிந்தப்பா, தட்டு பொய் சொல்லாது" என்பது அவருடைய கொள்கை. கூடவே இருபது வருஷமாக விறகு தள்ளும் கோவிந்தப்பாவும் அந்தக் கொள்கைக்காரர்தான். ஆனால் புகையிலை போட்டுப் போட்டு அவர் நாக்கு மரத்துப்போய், கடல் தண்ணீரைக் கொடுத்தாலும் உப்புக் கம்மி என்பார்.

சிரிலின் மனைவி குளோரியா வேறு கொள்கை. மாதா சபைச் செயலாளர். ஒல்லியான உடம்பு, ஒரு நாளும் தவறாத காலை நடை, வீட்டுச் சமையலில் எண்ணெயைக் கண்ணீர் மாதிரிச் சொட்டுச் சொட்டாக விடுகிற கை. அவளுக்குப் பதினைந்து வயதில் அவளுடைய அப்பா ஜான்சன் மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாற்பத்துநாலு வயது. அவர் ஞாயிறுதோறும் சாப்பிட்ட பன்றிக்கறி வறுவல்தான் ஆளைக் கொன்றது என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டதோ சிரிலை.

அதனால் பங்கு மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை என்று கோயிலில் அறிவித்ததும் முதல் டோக்கன் சிரில் பெயருக்கு விழுந்தது. ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிற முகாம். ரத்தக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

"கொழுப்பு மட்டும் ஏறியிருக்கட்டும்," என்றாள் குளோரியா. "அன்னைக்கோட ருசி பாக்குறது நின்னுச்சு. கோவிந்தப்பா பாக்கட்டும்."

"குளோரி, டிசம்பர் வருது. ரிச்சர்ட்ஸ் டவுன் கல்யாணம் அறுநூறு பேரு. கோவிந்தப்பா உப்பு பாத்தா அறுநூறு பேரும் மாப்பிள்ளைய விட்டுட்டுத் தண்ணி லாரிய தேடுவாங்க."

"வெறும் வயித்துல வரணும். ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஞாயிறு விடியற்காலையில் ஆஸ்டின் டவுனில் ஒரு ஞானஸ்நான விருந்து. இரண்டு தேக்ஸா. தேக்ஸாவுக்கு ஒரு தட்டு. மண்டபத்து வாசலில் வந்து நின்றபோதுதான் சிரிலுக்குத் தன் விரல்களில் நெய் மின்னுவது தெரிந்தது.

அங்கே குளோரியாவின் தம்பி ரெஜி நின்றுகொண்டிருந்தான். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, முப்பத்தெட்டு வயது, வயிறு என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லாத சட்டை. எத்தனை அடி நடந்தான் என்று மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் சொல்லும். அது சொல்லாவிட்டாலும் அவன் சொல்வான். டோக்கன் வாங்கவில்லை, தனக்கெல்லாம் எதற்கு என்ற நினைப்பு. அக்காவுக்கு நாற்காலி தூக்கிக் கொடுக்க வந்திருந்தான்.

"மாமா, கிட்ட வராதீங்க. பட்டை லவங்கம் அடிக்குது."

"மச்சான், ஒரு உதவி. எனக்குப் பதிலா நீ போய்க் கைய நீட்டுடா."

ரெஜி சிரித்தான். பிறகு யோசித்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "என் ரத்தத்தையா? ரிப்போர்ட்ட ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டி வரும், பரவால்லையா?"

"மாட்டுறேன். மாதா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டுறேன். உங்க அக்கா லேடீஸ் வரிசைய ஒழுங்கு பண்ணிட்டிருக்கா, ஓடு."

சிரில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஊசி போடும் பெண் பெயர் கேட்டாள். சிரில் என்றான் ரெஜி. வயது கேட்டாள். ஐம்பத்திரண்டு என்றான். அவள் தலையைத் தூக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சார் சாப்பிடறீங்க? எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்றேன்."

"ஓட்ஸ்," என்றான் ரெஜி அடக்கமாக.

தன் வாழ்நாளில் ஒரு பெண்ணும் தன்னிடம் கேட்டிராத கேள்வி அது என்று தூணுக்குப் பின்னால் சிரிலுக்குக் கொஞ்சம் வலித்தது. ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். நூற்றுப் பதினாறுக்கு எழுபத்துநாலு. பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

ரிப்போர்ட் குளோரியாவின் போனுக்கு வந்தது. கெட்ட கொழுப்பு நூறுக்குள் இருந்தால் நல்லது என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். சிரில் பெயருக்கு நேராக இருநூற்று அறுபத்தெட்டு என்று சிவப்பில் நின்றது.

சிரிலுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். ஓட்ஸ்! அடேய் ஓட்ஸ்! அந்தச் சிரிப்பு பாதித் தொண்டையில் இருக்கும்போதே, அந்த எண் இப்போது யாருடையது என்று அவருக்கு உறைத்தது.

"சிரிப்பு வேற வருதா உங்களுக்கு?" என்றாள் குளோரியா.

அன்று ராத்திரி சுரைக்காய். மறுநாள் ராகிக் களி, மிளகாய் கிள்ளாத கீரை. வீட்டுக்குள் உப்பு ஜாடி இடம் மாறியது. வேலைக்குப் போனால் கோவிந்தப்பாவிடமிருந்து குளோரியாவுக்குப் போன் போகும். கோவிந்தப்பாவுக்குக் காட்டிக்கொடுப்பதில் விருப்பமில்லை. ஆனால் குளோரியாவுக்குப் பொய் சொல்லத் தைரியமும் இல்லை. சிரில் தட்டை எடுத்தாலே, "பேடா அண்ணா, வேணாம், ஏற்கெனவே நான் மொபைல கையில எடுத்துட்டேன்" என்று அழாத குறையாகச் சொல்வார். அந்த மாதம் மூன்று விருந்துகளில் உப்புப் பற்றிப் புகார் வந்தது. ஒருவர் சிரிலிடமே வந்து, பழைய சிரில் இப்போது எங்கே என்று கேட்டார்.

சிரில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்துக்குப் பின்னால் போய் நின்று ரெஜிக்குப் போன் போட்டார்.

"டேய், அது உன் ரத்தம்டா. இருநூத்தி அறுபத்தெட்டு."

"சும்னே பயமுறுத்தாதீங்க மாமா. சாம்பிள மாத்தியிருப்பாங்க."

"மாத்துனது நாமதான்டா!"

"நான் ஞாயித்துக்கிழமைல பத்து கிலோமீட்டர் ஓடறவன். எனக்கு வராது. வந்தா உங்களுக்குத்தான் வரணும். அதான் நியாயம்." கொஞ்சம் விட்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு பேரையும் கொன்னுடுவா" என்றான்.

இதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இவ்வளவு கொழுப்பென்றால் மரபணுவையும் பார்க்க வேண்டும், வாருங்கள் என்று. குளோரியா சிரிலைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போவது போல் இழுத்துப்போனாள்.

டாக்டர் வீணா சின்ன வயதுக்காரர். கன்னட வாடை கலந்த தமிழ். சிரிலின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு கையில் பார்த்தார். மறுபடி முதல் கையில்.

"நூத்தி அறுபத்தெட்டுக்கு நூத்தி ரெண்டு. முகாம்ல நூத்திப் பதினாறு இருந்துச்சே?"

"ஆஸ்பத்திரின்னா இவருக்குப் பயம் டாக்டர்," என்றாள் குளோரியா.

"சார், உங்க அப்பாவுக்குப் பிபி இருந்ததா?"

"இருந்துச்சு டாக்டர். எழுபதுல ஒரு கை கால் விழுந்துச்சு. அப்புறமும் எண்பத்துநாலு வரைக்கும் ஒரு கையாலயே கறி சாப்பிட்டாரு."

"மாரடைப்பு? சின்ன வயசுல யாராவது?"

"எங்க வீட்டுலயா? எங்க வீட்டு ஆளுங்களுக்கு நெஞ்சு எங்க இருக்குன்னே தெரியாது டாக்டர்."

டாக்டர் வீணா சின்ன டார்ச்சை எடுத்து சிரிலின் கண்களைப் பார்த்தார். குதிகால் நரம்பைத் தடவிப் பார்த்தார். "விசித்திரமா இருக்கே. இந்த அளவு பிறவியிலேயே இருக்கிறவங்களுக்குச் சில சமயம் கருவிழியச் சுத்தி வெளுப்பா ஒரு வளையம் தெரியும், நாப்பது வயசுக்குள்ளயே. உங்களுக்கு இல்ல."

"பிறவியிலன்னா?" குளோரியா முன்னால் வந்தாள். "இவர் திங்கறதுனால இல்லையா?"

"இது வேற. நீங்க சமையல் வேலைதானே சார், உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பந்தி முடிஞ்சா எச்சில் தட்டு எடுக்க ஆள் வேணும், சரியா? ரத்தத்துல இருக்கிற கொழுப்ப அப்படி எடுக்கிற வேலை ஈரலுக்கு. அதுக்கு ஆள் அனுப்பறது ஒரு மரபணு. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. அதுல ஒண்ணு கோளாறா இருந்தா, பாதி ஆளுதான் வேலைக்கு வருவாங்க. விருந்தாளியக் குறைச்சா கொஞ்சம் தட்டு குறையும். ஆனா ஆள் பாதிதானே? தட்டு சேந்துகிட்டே போகும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் சேரும். ஓடறவங்களுக்கும் சேரும். மாத்திரை இல்லாம சரியாகாது."

ஓடுகிறவர்களுக்கும் என்ற இடத்தில் சிரிலுக்கு நாற்காலி சுட்டது.

"அப்போ பிபி?" என்றார் சிரில்.

"அது ஒரு மரபணு இல்ல, நூத்துக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒரு சிட்டிகைதான் போடும். எல்லாம் சேந்தா கரிக்கும். அதுக்கு மேல நீங்க வேற உப்பு போடறீங்க." மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு டாக்டர் கடைசியாகச் சொன்னார்: "அந்தக் கொழுப்புக் கோளாறு பெத்தவங்க ஒருத்தர்கிட்ட இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நெஞ்சுவலி வந்து தெரிஞ்சுக்கறதவிட இது மேல்."

குளோரியாவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது முடியும். பஸ்ஸில் வரும்போதே சிரிலின் சொந்தங்களுக்குப் போன் போக ஆரம்பித்தது. தங்கவயலில் இருக்கும் சிரிலின் அக்கா, அறுபது வயது, இருமல்கூட வந்ததில்லை.

"அண்ணி, சனிக்கிழம வெறும் வயித்துல ரயில் ஏறுங்க. காப்பிகூட கூடாது."

"எதுக்குடி? யாரு செத்துட்டா?"

"இன்னும் இல்ல. உங்க குடும்ப ரத்தத்துல கோளாறு இருக்குதாம்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைப் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் வரை கேட்டார்கள். மூன்று தலைமுறையாக மாப்பிள்ளை வீட்டு ரத்தத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லையாம். ஆனாலும் வருகிறேன் என்றாள்; கோளாறு இல்லை என்று காகிதத்தில் எழுதி வாங்கி, அதைக் குளோரியாவின் முகத்துக்கு நேரே பிடிப்பதற்காகவே வருகிறாளாம். ஆனேக்கல்லில் இருக்கும் சிரிலின் தம்பியையும் குளோரியா விடவில்லை. மகள் பிரிஸில்லாவுக்கும் கல்லூரிக்கு ஒரு நாள் லீவு சொல்லியாகிவிட்டது.

சிரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி சேர்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். இருக்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் இல்லை. ஒருத்தன் அடுத்த ஞாயிறு கப்பன் பார்க்கில் ஓடப் போகிறான். இன்னொருத்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதற்கும் சளைக்காமல், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே சிரில் ரெஜியின் வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என்ன மாமா, முத்தம் குடுக்கப் போறீங்களா?"

"அசையாத." இருந்தது. கருவிழியின் ஓரத்தில், அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில், மெல்லிய வளையம்.

"அதுவா? கொஞ்ச வருஷமா இருக்கு. நல்லாருக்குன்னு ஆஃபீஸ்ல ரெண்டு பொண்ணுங்களே சொல்லியிருக்கு."

"டாக்டர் வேற மாதிரி சொல்றாங்கடா."

ரெஜி அதற்கும் சிரித்தான். ஆனால் கடிகாரத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

மறுநாள் காலை சிரில் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். குளோரியா சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து குனிந்து வைத்தாள். கிழக்கு ஜன்னல் வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. சிரில் டீயைத் தொடவில்லை. அவள் கண்ணையே பார்த்தார். இருபத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் பார்த்தது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன பாக்குறீங்க? காலங்காத்தால?"

வளையம் இருந்தது. தம்பியுடையதைவிடக் கொஞ்சம் தெளிவாகவே.

கல்யாண ஆர்டர், உப்பு, தட்டு, டிசம்பர் எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவர் தலையிலிருந்து விழுந்துவிட்டன.

"குளோரி, உக்காரு. அன்னைக்கு முகாம்ல நான் ரத்தம் குடுக்கல. நான் ரெண்டு தட்டு தின்னுட்டு வந்தேன். எனக்குப் பதிலா ரெஜி குடுத்தான்."

அவள் மெதுவாகத்தான் தொடங்கினாள். "அப்போ இத்தனை நாளா என் பொறந்த வீட்டு ரத்தத்துக்கா உங்களச் சுரைக்காய் தின்ன வச்சேன்?"

"ஆமா."

"தின்னீங்களே! ஒரு வார்த்த சொல்லாம தின்னீங்களே!"

"பயம் குளோரி."

"உங்க அக்கா! ஐயோ மாதாவே, உங்க அக்கா சனிக்கிழம ரயில் ஏறுதே!" அவள் கைக்கு எட்டிய வடிகட்டி பறந்து தேக்ஸாவில் பட்டு, கோயில் மணி மாதிரி ஒலித்தது. அடுத்த பத்து நிமிஷம் சிரிலும் ரெஜியும் அவர்களைப் பெற்றவர்களும் வாங்கியதை இங்கே எழுத இடம் போதாது. அதற்கிடையில் எங்கேயோ ஒரு வாக்கியத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா," என்றாள். "அப்போ அது வறுவல் இல்லையா?"

"வறுவல் மட்டும் இல்ல."

குளோரியா தரையில் உட்கார்ந்தாள். ஆறிப்போன டீயைத் தானே எடுத்துக் குடித்தாள். பிறகு போனை எடுத்தாள். "ரெஜி, நீ ஞாயித்துக்கிழம ஓடல. பேசாத. ரத்தத்த வேற பேர்ல குடுக்கத் தெரிஞ்சவனுக்குச் சொந்தப் பேர்ல குடுக்கத் தெரியாதா? சனிக்கிழம ஆஸ்பத்திரிக்கு வா."

சனிக்கிழமை எல்லாரும் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். தங்கவயல் அக்காவும், விஷயம் தெரிந்த பிறகும், ரயில் ஏறி வந்திருந்தாள். காட்சியைத் தவறவிட அவளுக்கு மனமில்லை. சிரில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னபோது டாக்டர் வீணா முதலில் கோபப்பட்டார். ஆராய்ச்சி ஒரு பக்கம், யாரோ ஒருத்தர் உயிர் இன்னொரு பக்கம் என்று ஒழுங்காகவே திட்டினார். திட்டி முடித்துவிட்டு, ஹௌதா, உண்மையாகவே மச்சானா என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போல் குனிந்தார். அவர் தோள்கள் குலுங்கின.

முடிவுகள் வந்தன. ரெஜிக்கு அந்தக் கோளாறு உறுதி. இதயக் குழாயில் ஒரு அடைப்பு தொடங்கியிருந்தது. மாத்திரையிலேயே பிடித்து நிறுத்திவிடலாம், ஓட்டம் பிறகு என்றார்கள். குளோரியாவுக்கும் உண்டு. பிரிஸில்லாவுக்கும் உண்டு.

"அம்மாகிட்ட இருந்து மூக்கு வரல, கலர் வரல. இது மட்டும் கரெக்டா வந்துருச்சு," என்றாள் பிரிஸில்லா. பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டது அதிர்ஷ்டம், இப்போதே தொடங்கினால் நிறைய வருஷங்கள் லாபம் என்றார் டாக்டர். பிரிஸில்லா அதை நம்பினாள். குளோரியா அன்று ராத்திரி மகள் மாத்திரை விழுங்குவதை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

சிரிலின் கொழுப்பு? எல்லையை ஒட்டி, ஆனால் உள்ளே. தங்கவயல் அக்கா தன் காகிதத்தைக் குளோரியாவின் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டிய அளவு நேரம் பிடித்துவிட்டுப் போனாள். ஆனால் அழுத்தம் அப்பாவிடமிருந்து முழுசாக வந்திருந்தது. மாத்திரை கட்டாயம். உப்பு கண்டிப்பாகக் குறைய வேண்டும். தட்டு கூடாது, ஸ்பூன்கூட யோசித்துத்தான். சிரில் பயந்து ஒளிந்த அதே இடத்துக்கு, ஊரைச் சுற்றிக்கொண்டு, தானே வந்து சேர்ந்திருந்தார்.

ரிச்சர்ட்ஸ் டவுன் கல்யாணத்தன்று, பெண் வீட்டுப் பின்பக்கத் தார்ப்பாயின் கீழ் முதல் தேக்ஸாவின் மூடியைக் கோவிந்தப்பா நகர்த்தினார். ஆவி கிளம்பியது. சிரிலின் கை தானாகத் தட்டுக்குப் போனது. அந்தத் தட்டை இன்னொரு கை பிடுங்கியது. குளோரியா. பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஒரு ஸ்பூன் உப்பு எனக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். உங்க வீட்டு வியாதி எனக்கு இல்ல."

அரை ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். அறுநூறு பேரும் அவள் நாக்கில் உட்கார்ந்திருப்பது போல் சிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பிடி கம்மி."

"அரைப் பிடி போதும் குளோரி."

"நாக்கு இப்போ யாருது?"

சிரில் ஒரு பிடி போட்டார். கிளறினார். அவள் மறுபடி ஸ்பூனை நீட்டினாள், கலந்ததா என்று பார்க்க. பிறகு அடியில் எப்படி என்று பார்க்க. பிறகு கறி வெந்ததா என்று பார்க்க. அதில் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது. எண்ணெயைக் கண்ணீர் மாதிரிச் சொட்டவிடுகிற கைக்காரி, முப்பது வருஷமாகத் தனக்குத்தானே மறுத்துவந்ததை மென்றுகொண்டிருந்தாள்.

"குளோரி, ருசி பாக்குறியா, சாப்பிடுறியா?"

"பருக்கை பொய் சொல்லும்னு நீங்கதானே சொல்வீங்க," என்று குளோரியா பிடுங்கி வைத்திருந்த தட்டை எடுத்தாள்.

சிரில் கோவிந்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கோவிந்தப்பாவின் கையில் ஏற்கெனவே போன் இருந்தது. "யாருக்குப் போடணும் அண்ணா," என்று அவர் பரிதாபமாகக் கேட்டார், "இப்போ?"